ஜோடி ட்ரம்பெட்

என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் ஆட ஆரம்பித்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் பல் ஆடுவது ஊரில் நடக்காத அதிசயமா என்று கேட்பீர்கள். மற்றவர்களுக்கு இல்லைதான். சோறு தின்னக் கடைவாய்ப் பல் போதும். பேசுவதற்குப் பல்லே வேண்டாம். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் பல் இல்லாதவர்கள்தான் அதிகம் பேசுகிறார்கள். ஆனால் ட்ரம்பெட் ஊதுகிறவனுக்கு முன்பல்தான் அஸ்திவாரம். வாய்வைக்கும் பித்தளை வட்டம் உதட்டை அழுத்தும், உதடு பல்லின்மேல் சாய்ந்துகொள்ளும். பல்லே ஆடினால் உதடு எதன்மேல் சாயும்?

பல் டாக்டர் சின்னப் பெண். "சர்க்கரையால ஈறு கெட்டுப்போச்சு அங்கிள். ரெண்டையும் எடுத்துட்டு அழகா செட்டு வெச்சுடலாம்" என்றாள். செட்டு வைத்தால் ஊத முடியுமா என்று கேட்டேன். பேரப்பிள்ளைகளுக்குப் பலூன் ஊதுவதைக் கேட்கிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, "தாராளமா ஊதலாம்" என்றாள். செட்டு வைத்துக்கொண்டு ஊதிப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ட்ரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்களை எனக்குத் தெரியும். கொஞ்ச நாள் கழித்து வருகிறேன் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன்.

நான் ஊதியது ஒரு ஜாஸ் ஆர்க்கெஸ்ட்ராவில். பாண்டிச்சேரியில் அதெல்லாம் இருக்கிறதா என்று சென்னையிலிருந்து வருகிறவர்கள் புருவத்தைத் தூக்குவார்கள். இங்கே பீர் மட்டும்தான் இருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். பதினேழு பேர். கடைசி வரிசையில் நாலு ட்ரம்பெட், அதற்கு முன்னால் நாலு டிராம்போன், முன்வரிசையில் ஐந்து சாக்ஸபோன், ஓரமாகப் பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ். ஒரு காலத்தில் அமெரிக்காவில் பெரிய பெரிய நடனக் கூடங்களில் இப்படிப் பதினேழு பேர் உட்கார்ந்து ஊதுவார்களாம், ஊரே ஆடுமாம். பிறகு ஆட்டம் நின்றது, கூடங்களைப் பூட்டினார்கள், ஆனாலும் ஊதுகிறவர்கள் நிறுத்தவில்லை. இன்றைக்கும் ஒவ்வொரு நாட்டிலும் யாராவது சிலர் கூடிப் புதிது புதிதாக எழுதி, அதே பதினேழு நாற்காலியைப் போட்டு ஊதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எங்கள் நிகழ்ச்சிகள் சிலவற்றில் கீழே இருந்தவர்களைவிட மேடையில் இருந்தவர்கள் அதிகம்.

இதைத் தொடங்கியவரை நாங்கள் மதாம் என்று கூப்பிடுவோம். தாத்தா காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை எடுத்துக்கொண்ட தமிழ்க் குடும்பம். பிரான்சில் பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுத்து, ஓய்வு பெற்றுத் திரும்பி வந்தவர். அவருடைய தமிழ், ஊரைவிட்டுப் போன வயதோடு நின்றுபோன தமிழ். கோபம் வந்தால் அதுவும் போய் பிரெஞ்சு வந்துவிடும். சாதாரணமாகப் பேசும்போதே எங்களை மிசே, அதாவது ஐயா, என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மாதா கோயில் பூசை முடிந்து காலியாகும் ஒரு கூடத்தில் ஒத்திகை. போலீஸ் பேண்டில் ஓய்வு பெற்ற இருவர், தேவாலயப் பாடகர் குழுப் பையன்கள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண், காட்டுப் பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைக்காரர்கள் சிலர் என்று எங்கெங்கிருந்தோ ஆள் சேர்த்தார். ட்ரம்பெட்டுக்கு மட்டும் ஆள் போதவில்லை. அதனால்தான் கல்யாண ஊர்வலத்தில் ஊதிக்கொண்டிருந்த எங்கள் இரண்டு பேரையும் வீதியில் நிறுத்திக் கூப்பிட்டார்.

இரண்டு பேர் என்றால் நானும் என் ஜோடியும். அவன் சேதராப்பட்டுக்காரன். வீட்டில் நிலம் உண்டு, அண்ணன்தம்பிகள் பார்த்துக்கொள்கிறார்கள். இவன் அங்கேயே தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலைக்குப் போகிறான். என்னைவிடச் சின்னவன். என்னைப் பாய் என்பான். நான் சந்தோஷமாக இருந்தால் மாப்ள என்பேன், மற்ற நேரங்களில் யோவ். யோவ் என்றுதான் அதிகம் கூப்பிட்டிருக்கிறேன்.

பேண்டு செட்டில் ட்ரம்பெட் எப்போதும் ஜோடிதான். காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். மாப்பிள்ளையின் கார் எறும்பைவிட மெதுவாகப் போகும். நாலு தெருவைச் சுற்றி வருவதற்குள் உதடு மரத்து, வாழைப்பழத் தோல் மாதிரி தொங்கிவிடும். ஆனால் பாட்டு நிற்கக் கூடாது. ஊர்வலத்தில் சத்தம் ஓய்ந்தால் பெண் வீட்டுக்காரர்களுக்கு முகம் கறுத்துவிடும். அதனால் முன்னால் போகிறவன் உதடு செத்ததும் இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களை விரிப்பான். பின்னால் வருகிறவன் அடுத்த மூச்சில் பாட்டை எடுத்துக்கொள்வான். வரி முடிகிறவரை காத்திருப்பதெல்லாம் கிடையாது, பாதி வரியிலேயே எடுத்துவிடுவான். கேட்கிறவனுக்குக் கை மாறியதே தெரியாது. அவனும் நானும் முப்பது வருஷம் அப்படி ஊதினோம்.

எங்கள் ஜோடிக்கு மட்டும் இன்னொரு வழக்கமும் இருந்தது. எங்கள் குடும்பம் தலைமுறையாகத் துணி வியாபாரம். நான் ஒருத்தன்தான் ஊதப் போனவன். பேண்டு செட்டுக்காரனுக்குப் பெண் கொடுக்க எங்கள் ஜமாத்தில் யாருக்கும் மனசு வரவில்லை. என் மாமனார்தான் கொடுத்தார். முத்தியால்பேட்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார், தொழுகையாளி, ஒரே பெண். மாடியில் குடியிருக்க இடம், கடையில் வேலை, கூடவே ஒரு நிபந்தனை: "என் பொண்ணு இருக்கற வீட்லயும் ஊதக் கூடாது, தெருவுலயும் ஊதிக்கினு வரக் கூடாது. வெளிய எங்கனா போய் ஊதிக்கோங்க." வீட்டோடு மாப்பிள்ளையாகப் போகிறவன் நிபந்தனையைப் பற்றி வாதாட முடியுமா? சரி மாமா என்றேன்.

சொன்ன சொல்லை மீறவில்லை. சாதகமெல்லாம் பேண்டு செட்டு ஷெட்டில்தான். ஊர்வலம் எங்கள் தெருமுனைக்கு வந்ததும் ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுத்து அக்குளில் இடுக்கிக்கொள்வேன். கையைக்கூடக் காட்ட வேண்டாம், என் ஜோடி எடுத்துக்கொள்வான். தெருவின் அந்த முனைவரை இரண்டு பேருக்கும் சேர்த்து அவனே ஊதுவான். நான் சும்மா நடப்பேன். மாமனார் மௌத்தாகி வெகுகாலம் ஆகிவிட்டது. நிபந்தனையைப் போட்டவர் போய்விட்டார், அதை ரத்து செய்ய ஆளில்லை, அதனால் அது அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் என் மனைவி நான் ஊதிக் கேட்டதே கிடையாது.

ஒருமுறை ஒத்திகையைப் போனில் பதிந்து கொண்டுபோய்க் காட்டினேன். பதினேழு பேர் ஊதுவதைப் போன் என்ன பிடிக்கும்? ஒரே இரைச்சல். காதில் வைத்துப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இதுல எதுங்க உங்க சத்தம்?" என்றாள். இதோ, மேலே கேட்கிறதே, அது என்றேன். "ம், நல்லாத்தான் இருக்கு" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

மதாமிடம் போன புதிதில் நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். நோட்டு எழுதிய காகிதத்தைப் பார்த்து ஊதுவதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டோம். ஸ்விங் நடையும் வந்துவிட்டது. "நொண்டி நடக்கற மாதிரி இருக்கே மதாம்" என்றேன் நான். "நொண்டி இல்ல மிசே, சோம்பேறி. அவசரமே இல்லாத ஆள் நடக்கறது" என்றார். அவசரமே இல்லாத ஆள் பாண்டிச்சேரியில் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பதால் சட்டென்று புரிந்துவிட்டது. வராமல் போனது வேறொன்று. அந்த இசையில் காகிதம் முழுக்கக் காலியிடம். நாலு தாளம் எண்ணினால் ஒரு பார். எட்டு பார் ஊது, பன்னிரண்டு பார் சும்மா இரு என்று எழுதியிருக்கும். ஊர்வலத்தில் வளர்ந்த எங்களுக்குச் சும்மா இருப்பது என்பது தெரியவே தெரியாது. எங்கே சத்தம் குறைகிறதோ அங்கே புகுந்து நிரப்பிவிடுவோம். சாக்ஸபோன்கள் மெதுவாக ஒரு வரி சொல்லி முடித்திருக்கும், பியானோ தனியாக இரண்டு சொட்டு விட வேண்டிய இடம், அங்கே பின்வரிசையிலிருந்து எங்கள் இரண்டு ட்ரம்பெட்டும் கல்யாண வீடு மாதிரி கிளம்பும். மதாம் கையை நீட்டி "சிலான்ஸ்!" என்று கத்துவார்.

"சும்மா உக்கார்றதுக்கா பாய் அங்கேர்ந்து வண்டி ஓட்டிகினு வர்றேன்?" என்று அவன் என்னிடம் முணுமுணுப்பான்.

ஒருநாள் மதாம் பின்வரிசைக்கே வந்து எங்கள் காகிதத்தில் காலியாக இருந்த பார்களை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். "இதுவும் நான் எழுதினதுதான். இத ஊதாதீங்க, வாசிங்க" என்றார். நான் வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினேன். அவன்தான் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டான். அதற்கப்புறம் காலி பார் வந்தால் கண்ணை மூடி, முழங்காலில் விரலைத் தட்டி எண்ணுவான். அந்த ஆர்க்கெஸ்ட்ராவிலேயே நன்றாகச் சும்மா இருக்கத் தெரிந்தவன் அவனாகத்தான் இருந்தான்.

நான் முதல் நாற்காலி, அவன் மூன்றாவது. முதல் ட்ரம்பெட் என்றால் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும் வரி. பதினேழு பேரும் சேர்ந்து ஒரே அடியாக எழும்பும் இடத்தில் மேலே என் சத்தம் நிற்க வேண்டும். அந்த இடம் வரும்போதெல்லாம் என் உடம்பு சிலிர்க்கும், பொய் சொல்லவில்லை. கடையில் நாள் முழுக்க ஆணியும் தாழ்ப்பாளும் எடை போட்டுக் கொடுத்து, பேரம் பேசுகிறவனோடு சண்டை போட்டு, வீட்டில் சர்க்கரை மாத்திரை விழுங்கிக் கிடந்த எனக்கு, ஞாயிற்றுக்கிழமை அந்த நிமிஷம்தான் நான் பிறந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது என்று தோன்றும். அதனால்தான் பல் விஷயத்தை மூடி மறைத்தேன்.

அவனிடம் மட்டும் மறைக்க முடியவில்லை. ஒத்திகையில் ஒரு உச்ச வரியில் பல் அசைந்து சத்தம் பிய்ந்தது. என் இடது கை தானாகவே நாற்காலிக்குப் பின்னால் போய் விரிந்துவிட்டது. அடுத்த மூச்சில் அவன் என் வரியை எடுத்துக்கொண்டான். அன்றிலிருந்து இதே பிழைப்பு. உச்ச வரி வரும், கையை விரிப்பேன், அவன் எடுப்பான். ஊர்வலத்தில் இது செல்லும். இங்கே அவன் என் வரிக்கு வந்தால் அவன் வரி காலியாகிவிடும். நாலு சத்தம் சேர்ந்து வர வேண்டிய இடத்தில் நடுவில் ஒன்று இல்லாமல் ஓட்டை விழும். மதாமுக்குப் பாம்புக் காது.

"மூணாவது த்ரொம்பெத், உங்க நோட்டு எங்க போச்சு?"

"மறந்துட்டேன் மதாம்" என்பான் அவன்.

"போன வாரமும் மறந்தீங்க."

"இனிமே மறக்க மாட்டேன் மதாம்."

எனக்காக வாரா வாரம் திட்டு வாங்கினான். நானோ ட்ரம்பெட்டில் சேர்ந்த எச்சில் தண்ணீரை வடிப்பது மாதிரி குனிந்துகொள்வேன்.

இந்த நிலையில்தான் மதாம் எனக்கு ஒரு சோலோ எழுதிக்கொண்டு வந்தார். வீராம்பட்டினத்துக்குப் போய்க் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு வந்து எழுதினாராம். மெதுவான பாட்டு. முதல் நாற்காலிக்காரனுக்கு சோலோ வருவது அபூர்வம், அவன் வேலை கூட்டத்தை இழுத்துப்போவது. இது உங்களுக்காகவே எழுதியது என்று மதாம் காகிதத்தை என் கையில் கொடுத்தார். முன்னால் வந்து மைக்கில் தனியாக நின்று ஊத வேண்டும். கடற்கரைச் சாலையில் மேடை போட்டு நடக்கப்போகும் மாலை நிகழ்ச்சியில் அதுதான் நடுநாயகம். பல்லைக் காரணம் சொல்லி வேண்டாம் என்றிருக்கலாம். காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன். கேட்பதற்கு எனக்கே கூச்சமாக இருந்தது.

"ஒரு தடவ வந்து கேளேன். பல்லு ரெண்டும் எடுத்துட்டா அப்பறம் ஊத முடியாது."

பல் விஷயமே அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "அத்தா ஊதக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்களே" என்றாள். மௌத்தான மனிதருக்கு இன்னும் பயப்படுகிறாள்.

"அத்தா சொன்னது வீட்டுக்கும் தெருவுக்கும். பீச்சுக்கு ஒண்ணும் சொல்லல."

சிரித்துவிட்டாள். "வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க" என்றாள். வருகிறேன் என்றும் சொன்னாள். அந்த வாரம் முழுக்க எனக்குக் கடையில் கணக்கே ஓடவில்லை. முப்பது வருஷத்தில் ஒரு தரம், ஒரே ஒரு தரம், இவன் இப்படித்தான் ஊதுவான் என்று அவள் காதால் கேட்டுவிட்டால் போதும், அதன் பிறகு பல்லைப் பிடுங்கி வாய்க்கால் கரையில் எறிந்தாலும் எனக்குக் கவலையில்லை என்று இருந்தது.

ஜோடியிடமும் சொன்னேன். "அக்கா வர்றாங்களா?" என்று ஆச்சரியப்பட்டான். "ஆமா. அன்னிக்கு நான் கை காட்டுனா எடுத்துக்க" என்றேன். அவன் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ம் என்றானா, ஒன்றும் சொல்லவில்லையா, இப்போது யோசித்தால் சரியாக நினைவில்லை. ஆனால் முப்பது வருஷத்தில் நான் கை காட்டி அவன் எடுக்காமல் இருந்ததில்லை. அதனால் அதைப் பற்றி நான் மேற்கொண்டு நினைக்கவில்லை.

நிகழ்ச்சியன்று காற்று பலமாக இருந்தது. காகிதங்கள் பறக்காமல் இருக்க மதாம் வீட்டிலிருந்து துணி காயப்போடும் கிளிப்புகளைக் கொண்டுவந்து கொடுத்தார். கடல் சத்தம் டிரம்ஸுக்குப் பின்னால் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நடக்க வந்தவர்கள், ஐஸ்கிரீம் தின்ன வந்தவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். கீழே போட்டிருந்த நாற்காலிகளில் மூன்றாவது வரிசை ஓரத்தில் என் மனைவி, மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முதல் இரண்டு பாட்டும் வேகமானவை. இரண்டு இடத்தில் கையை விரித்தேன், இரண்டிலும் அவன் எடுத்தான். எல்லாம் வழக்கம்போலத்தான் போய்க்கொண்டிருந்தது.

பிறகு மெதுவான பாட்டு. மதாம் தலையசைத்தார். நான் எழுந்து முன்னால் வந்து மைக்கில் நின்றேன். எனக்குப் பின்னால் பதினாறு பேர். சாக்ஸபோன்கள் தாழ்வாக ஆரம்பித்து எனக்கு இடம் விட்டன.

முதல் வரி வந்தது. அதை நான் எப்படிச் சொல்ல? உதடு சொன்னபடி கேட்டது, பல் ஆடாமல் நின்றது, காற்று தானாகவே போயிற்று. என் வாழ்க்கையில் நான் ஊதியதிலேயே நல்ல வரி அதுதான். ஊதும்போதே தெரிந்துவிட்டது. கேட்கிறாள், அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தபோது கண் எரிந்தது.

இரண்டாவது வரி மேலே ஏறும். பாதியில் இடது பக்கத்துப் பல் ஈறிலிருந்து சாய்ந்ததை உணர்ந்தேன். வலி மூக்குவரை ஏறியது. வாயில் ரத்தத்தின் உப்பு. சத்தம் அறுந்துவிட்டது. இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரல்களை விரித்தேன்.

அடுத்த மூச்சில் எடுக்க வேண்டும். எடுக்கவில்லை.

கவனிக்கவில்லையோ என்று விரல்களை மடக்கி மறுபடி விரித்தேன். பேஸ் மட்டும் நடந்துகொண்டிருந்தது. பியானோப் பெண் என்ன செய்வதென்று தெரியாமல் மெல்ல ஒன்றிரண்டு கட்டைகளைத் தொட்டாள். பார் ஒவ்வொன்றாகக் காலியாகப் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை, ஊரே எதிரில் இருக்கிறது. விரிந்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைசியில் ட்ரம்பெட்டை வாயிலிருந்து இறக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றேன். அந்த நேரத்தில் அவனைக் கொன்றிருப்பேன். அவமானத்தில் காது இரண்டும் கொதித்தது.

முடிவில் தாழ்வாக மூன்று சத்தம் உண்டு. பல்லில் படாமல் உதட்டு ஓரத்தில் வைத்து ஊதினேன். பாதி சத்தம், பாதி வெறுங்காற்று. பாட்டு முடிந்தது. கை தட்டினார்கள். வெள்ளைக்காரர்கள் சிலர் எழுந்து நின்றுகூடத் தட்டினார்கள். இதெல்லாம் வேண்டுமென்றே செய்தது என்று நினைத்திருப்பார்கள், அவர்களுக்கு எதுவும் கலைதான். என் நாற்காலிக்குத் திரும்பி வந்தபோது அவன் ட்ரம்பெட்டை மடியில் வைத்து, கண்ணை மூடி, முழங்காலில் விரலைத் தட்டி எண்ணிக்கொண்டிருந்தான். பாட்டுதான் முடிந்துவிட்டதே, எதை எண்ணுகிறான் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

மீதிப் பாட்டுகளில் நான் ட்ரம்பெட்டை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஊதவில்லை. முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அவனைப் பிடித்தேன்.

"யோவ், ஏன்யா எடுக்கல? கை காட்டுனேனே, கண்ணு அவிஞ்சு போச்சா?"

"பாத்தேன் பாய்."

"பாத்துட்டுமா சும்மா இருந்த?"

அவன் ட்ரம்பெட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். "அக்கா உங்கள கேக்க வந்தாங்க. இத்தினி வருஷமா உங்க தெருவுல என்னைத்தான கேட்டுகினு இருக்காங்க? இன்னிக்கும் நானே ஊதணுமா?" என்றான்.

நியாயம்தான். அப்போது எனக்கு நியாயம் ஏறவில்லை. முதல் நாற்காலிக்கு ஆசைப்பட்டுத்தானே என்னை அசிங்கப்படுத்தினாய் என்று கேட்டுவிட்டேன். அவன் பெட்டியை மூடி வண்டியில் கட்டிக்கொண்டு சேதராப்பட்டுக்குப் போய்விட்டான்.

மனைவியை ஸ்கூட்டரில் உட்காரவைத்து வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எப்படி இருந்தது என்று கேட்கப் பயமாக இருந்தது. "காத்து அடிக்குது, காத மூடிகினு ஓட்டுங்க" என்று மட்டும் சொன்னாள். வீட்டில் என் வாயைப் பார்த்துவிட்டு உப்பு வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

அந்த வாரமே பல் இரண்டையும் எடுத்தாயிற்று. மதாம் போன் செய்தார். வேறு ஏதாவது வேலை இருக்கிறது, காகிதம் அடுக்க, நாற்காலி போட, நீங்கள் வந்து உட்கார்ந்தாலே போதும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். உடம்பு சரியாகட்டும் என்று வைத்துவிட்டேன். முதல் நாற்காலிக்குச் சென்னையிலிருந்து ஒரு பையன் வருகிறானாம், சங்கீதம் படித்தவனாம். முதலில் அந்த இடத்தை என் ஜோடிக்குத்தான் கொடுத்தார்களாம். மூன்றாவதே போதும் மதாம் என்று சொல்லிவிட்டானாம். இதை மதாம்தான் சொன்னார். அவன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, நானும் அவனுக்குப் போன் செய்யவில்லை. எந்த வாயால் செய்வது?

இப்போது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எனக்குப் பெரிய பகை. கடை அடைத்திருக்கும், தூக்கம் வராது. ஒத்திகை நேரம் வந்ததும் கால் தானாகத் தாளம் போடும். காலை மடக்கி உட்கார்ந்துகொள்வேன். முன்பெல்லாம் "இன்னிக்கும் கெளம்பியாச்சா?" என்று அலுத்துக்கொண்ட மனைவி, இப்போது அந்த நேரத்தில் என் பக்கம் பார்க்காமல் ஏதாவது வேலையாக இருக்கிறாள்.

போன மாதம் ஒரு சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே, எங்கள் தெருவில் ஒரு கல்யாண ஊர்வலம் வந்தது. தெருமுனையில் சத்தம் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலுக்குப் போனேன். அவள் எனக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தாள். கார் நகர்ந்து வந்தது. முன்னால் என் ஜோடி ஊதிக்கொண்டு வந்தான். பின்னால் வேறொருவன், முகம் தெரியாதவன். எங்கள் வீட்டைத் தாண்டும்போது என் ஜோடி மேலே பார்க்கவில்லை. நன்றாக ஊதினான். இத்தனை காலமும் ஊர்வலத்தோடு நடந்தவன், ஊர்வலத்தை இந்த ஜன்னலிலிருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கார் எங்கள் வாசலுக்கு நேரே வந்தபோது அவள் சொன்னாள்: "இந்த எடத்துலதான் நீங்க வாய எடுத்துட்டு வருவீங்க. அத அக்குள்ள வெச்சுகினு, தலைய குனிஞ்சுகினு. எந்த ஊர்வலம் வந்தாலும் நான் இங்க வந்து நின்னு பாத்துடுவேன்."

அவள் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பதே எனக்குத் தெரியாது. அதுவரை கேட்காததை அப்போது கேட்டேன். பல் போன வாயில் வார்த்தை வழுக்கியது.

"பீச்சுல எப்படி இருந்துச்சு?"

"மொதல்ல யாரோ ஊதற மாதிரி இருந்துச்சுங்க. கண்ணுக்கு நீங்கதான் நிக்கிறீங்க, காதுக்கு யாரோ. அப்பறம் நடுவுல ஊதாம, அத அக்குள்ள வெச்சுகினு, தலைய குனிஞ்சுகினு நின்னீங்க பாருங்க, அப்பத்தான் நீங்கதான்னு தெரிஞ்சுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு."

ஊர்வலம் அந்த முனையில் திரும்பியது. சத்தம் தேய்ந்துகொண்டே போயிற்று.

"மொத வரி ஊதினதும் நான்தான்" என்றேன்.

"அப்படியா?" என்றாள்.